சிறார் கதையும் அடுப்படியும்: உண்ணும் பிள்ளை சமைக்கும் பிள்ளையான வரலாறு

சிறார் இலக்கியத்தில் உணவுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அரசர் கதையாயினும் விலங்குக் கதையாயினும் எங்கோ ஓரிடத்தில் ஒரு விருந்து நடந்துவிடுகிறது. அவற்றுள் படிக்கும் பிள்ளையின் நாவில் நீர் ஊறச் செய்யும் கதைகள் பல. அப்பிள்ளை நூலை மூடி வைத்துவிட்டு எழுந்து, "அம்மா, மாவு எங்கே இருக்கிறது?" என்று கேட்கச் செய்யும் கதைகளோ மிகச் சில. இவ்விருவகைக் கதைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு யாது, இரண்டாம் வகை எவ்வாறு தோன்றியது என்பதையே இவ்வுரையில் நாம் காணப்போகிறோம்.

உலகச் சிறார் இலக்கியம் முழுவதையும் அளந்துவிடும் பேராசை நமக்கு இல்லை. ஓர் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு செல்வோம். அவ்விழையின் ஒரு முனை 1898இல் தென்னிந்தியாவில் ஓடிய ரயில் வண்டி ஒன்றில் இருக்கிறது. மறுமுனை 1963இல் தோக்கியோவின் சிறு பாலர் பள்ளி ஒன்றில் இருக்கிறது. இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகளில் கதைக்குள் இருந்த அகப்பை தாயின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு மாறியது.

ஹெலன் பேனர்மன் 1862இல் எடின்பரோ நகரில் பிறந்தவர். அவருடைய கணவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த மருத்துவர். ஆதலால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் இந்தியாவில் வாழ்ந்தார். வெயில் காலத்தில் பிள்ளைகளை மலைவாசத்துக்கு அனுப்புவது அக்கால ஆங்கிலேயக் குடும்பங்களின் வழக்கம். தம் பெண்மக்கள் இருவரையும் கொடைக்கானலில் விட்டுவிட்டுத் திரும்பிய நெடும் ரயில் பயணத்தில், அவர்களுக்கு அனுப்புவதற்காக அவர் ஒரு சிறு கதையை எழுதிப் படமும் வரைந்தார் என்பது நூலின் பிறப்புப் பற்றி வழங்கிவரும் செய்தி. 1899இல் லண்டனில் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் பதிப்பகம் அதனை வெளியிட்டது. அதுவே 'லிட்டில் பிளாக் சாம்போ'. பதிப்புரிமை ஐந்து பவுனுக்கு விற்கப்பட்டது. சிறார் இலக்கிய வரலாற்றில் இவ்வளவு குறைந்த விலைக்கு இவ்வளவு பெரிய விளைவு விற்கப்பட்டதில்லை என்றே நாம் கருதுகிறோம். அவ்விளைவுகளைப் பின்னர்க் காண்போம்.

கதை எளியது. புதிய உடை அணிந்து காட்டுக்குள் செல்லும் சிறுவனைப் புலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறிக்கின்றன. உடையையும் காலணியையும் குடையையும் கொடுத்து அவன் உயிர் தப்புகிறான். பின்னர் நம்முள் யார் அழகர் என்று புலிகள் தமக்குள் சண்டையிட்டு, ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடி ஓடி உருகி வெண்ணெயாகிவிடுகின்றன. அவ்விடத்தில் பேனர்மன் 'நெய்' என்னும் இந்தியச் சொல்லையும் வழங்குகிறார். வேலை முடிந்து திரும்பும் தந்தை அதனைப் பெரிய பித்தளைப் பானையில் அள்ளி வருகிறார். தாய் மாவு, முட்டை, பால், சர்க்கரை, வெண்ணெய் சேர்த்துக் கரைத்து, புலி நெய்யில் 'பேன்கேக்' சுடுகிறார். தாய் 27 தின்கிறார், தந்தை 55, சிறுவன் 169.

அவ்வெண்கள்தாம் கதையின் வெற்றி. பிள்ளைகள் பெரிய எண்களை விரும்புவர். அதிலும் தம்மையொத்த ஒருவன் தந்தையைப்போல் மும்மடங்கு உண்டான் என்பதை மிக விரும்புவர். ஆயினும் அக்காட்சியில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று நாம் கவனித்தல் வேண்டும். கொண்டுவருபவர் தந்தை. சமைப்பவர் தாய். சிறுவன் கொண்டுவந்தது பசியை மட்டுமே. ஒரே வாக்கியத்தில் அடங்கும் சமையற் குறிப்பு ஒன்று கதைக்குள் இருந்தும், அது பிள்ளையை நோக்கிச் சொல்லப்படவில்லை. புலி உருகிய அதிசயத்தின் நடுவே அது அமைதியாக உட்கார்ந்திருந்தது. அதனை எழுப்பி வேலை வாங்க இன்னொரு நாட்டின் பாலர் பள்ளி தேவைப்பட்டது.

அங்குச் செல்லுமுன், உணவை மிகுதியாகப் பேசியும் அடுப்பைக் காட்டாத கதைகளையும் ஒருமுறை பார்த்துவிடுதல் நலம். நம் நாட்டில் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற இரு தலைமுறையினர் எனிட் பிளைட்டனின் 'ஐவர் குழு' கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள். அவ்வரிசையின் முதல் நூல் 1942இல் வெளிவந்தது. பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940இல் தொடங்கி 1954 ஜூலையில்தான் முற்றிலும் நீங்கியது. அதாவது, பன்றித் தொடைக் கறியும் அவித்த முட்டையும் பழப் பணியாரங்களும் பாலேடும் பக்கத்துக்குப் பக்கம் நிறைந்த அக்கதைகளில் பெரும்பகுதி, அவை எளிதில் கிட்டாத பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. ஆனால் அவ்வுணவைச் சமைப்பவர் ஒரு சமையற்காரப் பெண்மணி. அல்லது வழியிலுள்ள பண்ணை வீட்டம்மா. பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரிப்பதோடு சரி. வேடிக்கை என்னவென்றால், இஞ்சி பீரைப் பற்றி அக்கதைகளில் வருவதாக எல்லாரும் மேற்கோள் காட்டும் புகழ்பெற்ற சொற்றொடர் பிளைட்டன் எழுதியதே அன்று. அது 1982இல் தொலைக்காட்சியில் வந்த பகடி நிகழ்ச்சியிலிருந்து பரவியது. உண்டவர் நினைவைவிட உண்ண நினைத்தவர் நினைவு வலிமையானது போலும்!

சி. எஸ். லூயிஸ் எழுதி 1950இல் வெளிவந்த 'சிங்கம், சூனியக்காரி, அலமாரி' என்னும் நூல் இன்னும் நுட்பமானது. அப்போது பிரிட்டனில் மிட்டாய்க்கும் பங்கீடு இருந்தது. அது 1953 பிப்ரவரியில்தான் நீங்கியது. கதையில் சூனியக்காரி செம்புக் குப்பியிலிருந்து ஒரு துளியைப் பனியின்மேல் விடுகிறாள். உடனே பட்டு நாடா கட்டிய பெட்டி நிறைய 'டர்க்கிஷ் டிலைட்' தோன்றுகிறது. அதற்காக எட்மண்ட் உடன்பிறந்தாரைக் காட்டிக்கொடுக்கத் துணிகிறான். அதே நூலில் நீர்நாய்த் தம்பதியரின் வீட்டில் நடக்கும் இரவுணவும் வருகிறது. பனிக்கட்டியில் துளையிட்டு அப்போதுதான் பிடித்த மீன். கெண்டியில் நீர் நிரப்பும் பெண்பிள்ளைகள். ரொட்டி அறுக்கும் கைகள். கொழுப்புக் காயும் வாணலி. தீய உணவு உழைப்பின்றி வருகிறது. நல்லுணவில் பிள்ளைகளின் கையும் படுகிறது. ஆசிரியர் இதனை எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. எனினும், நூலைப் படித்த பிள்ளைகளுக்கு நினைவில் நின்றது அந்த மிட்டாய்ப் பெட்டிதான், மீன் அன்று. அது நமக்கு ஒரு பாடமாகவே தோன்றுகிறது.

நம் வீட்டுக் கதைகளும் பெரும்பாலும் இப்பக்கத்தைச் சேர்ந்தவையே. பாட்டி வடை சுட்ட கதையில் வடை சுடும் வேலை முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிடுகிறது. பின்னர் காக்கையும் நரியும் மேடையை எடுத்துக்கொள்கின்றன. உளுந்து ஊறியதா, மாவு பொங்கியதா என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் அதன் பெயரை மறவாதிருக்கச் சொல்லிக்கொண்டே வந்து, வழியில் ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்று கூவி, அசல் பெயரை இழந்த கதையும் நாம் அறிந்ததே. தின்றதை மீண்டும் தின்ன வேண்டும் என்னும் தவிப்பை அதைவிட நன்றாகச் சொன்ன கதை அரிது. ஆனால் அவனுக்குத் தேவைப்பட்டது பெயர் மட்டுமே. அரிசி மாவைக் கையால் தொடும் எண்ணம் அவனுக்கு வரவே இல்லை. மனைவியை அடிக்கும் எண்ணம்தான் வந்தது. நாட்டார் கதை மரபு வீட்டின் உண்மையை எவ்வளவு ஒளிவின்றிப் பதிவு செய்கிறது என்பதற்கு இது சான்று.

பிள்ளையை அடுப்பருகே நிறுத்திய முதற்பெரும் முயற்சிகளுள் ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. லாரா இங்கல்ஸ் வைல்டர் 1867இல் பிறந்தவர். தம் அறுபத்தைந்தாம் வயதில், 1932இல், 'பெருங்காட்டுச் சிறுவீடு' என்னும் முதல் நூலை வெளியிட்டார். அது பெரும் பொருளாதார மந்தக் காலம். அந்நூலில் வெண்ணெய் கடைவது ஒரு முழு நிகழ்வு. குளிர்காலத்துப் பாலேடு வெளுத்திருப்பதால் தாய் கேரட்டைத் துருவிப் பாலில் காய்ச்சிப் பிழிந்து நிறமூட்டுகிறார். பின்னர் மரத்தாழியில் கடைகிறார். திரண்ட வெண்ணெயைக் கழுவி, உப்பிட்டு, ஸ்ட்ராபெரி பழமும் இலைகளும் செதுக்கிய அச்சில் அழுத்தி எடுக்கிறார். தாய் களைத்தபோது அக்காள் மேரி கடையலாம். லாராவுக்கோ அத்தடி தூக்க முடியாத கனம். அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். நாம் படிப்பது அந்தப் பார்வையைத்தான். செய்ய முடியாமல் அருகே நிற்கும் பிள்ளை எதையும் தவறவிடாமல் பார்க்கும். அடுத்து என்ன நடக்கும் என்பதிலேயே கண் வைத்திருக்கும். வைல்டரின் நடை அக்கண்ணிலிருந்து பிறந்தது. பனியின்மேல் காய்ந்த பாகை ஊற்றி மிட்டாய் செய்யும் இடத்தில் பிள்ளைகளே ஊற்றுகிறார்கள். அங்கு வரும்போது படிக்கும் பிள்ளைக்குத் தன் முறை வந்துவிட்டதாகவே தோன்றும்.

1933இல் வந்த 'பண்ணைச் சிறுவன்' ஒரு படி மேலே செல்கிறது. பெற்றோர் ஒரு வாரம் வெளியூர் சென்றுவிட, நான்கு பிள்ளைகள் வீட்டை ஆளுகிறார்கள். பனிக்கட்டிக் கிடங்கிலிருந்து கட்டி எடுத்து ஐஸ்கிரீம் சுற்றுகிறார்கள், கேக் செய்கிறார்கள், சர்க்கரைப் பீப்பாயின் அடி தெரியும்வரை சுரண்டுகிறார்கள். பெரியவர் இல்லாத சமையலறை ஒரு சுதந்திர நாடு என்பதைச் சிறார் இலக்கியம் இங்கே கண்டுகொண்டது. 1945இல் சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் படைத்த பிப்பி, ஐந்நூறு இஞ்சி பிஸ்கட்டுக்குப் பலகை போதாது என்று சமையலறைத் தரையிலேயே மாவைப் பரப்பித் தேய்த்தது அதே நாட்டின் இன்னொரு மாநிலத்தில்தான்.

வைல்டரின் 'நெடுங்குளிர்' 1940இல் வெளிவந்தது. 1880-81 குளிர்காலத்தில் டக்கோட்டா நிலப்பகுதியில் ரயில் வராமல் ஊர் பட்டினி கிடந்த வரலாறு அது. மாவு தீர்ந்தது, விதைக் கோதுமை மட்டும் எஞ்சியது. வீட்டார் காப்பிக் கொட்டை அரைக்கும் சிறு கையரைவையில் அதனை மாறி மாறி அரைத்து, புளித்த மாவு சேர்த்து ரொட்டி சுட்டு நாள் கடத்தினார்கள். விருந்தேயில்லாத இந்நூல் படித்த பலரைச் சமைக்கத் தூண்டியது என்பது வியப்பு. 1979இல் பார்பரா வாக்கர் என்பவர் வைல்டர் நூல்களிலுள்ள உணவுகளை நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகளாக்கி ஒரு சமையல் நூலே வெளியிட்டார். கதை நூல்களுக்குப் படம் வரைந்த கார்த் வில்லியம்சின் ஓவியங்கள் அதிலும் உண்டு. சுவைக்காக மட்டும் எனில் அந்தக் கரடுமுரடான ரொட்டியை யாரும் செய்து பார்க்க மாட்டார்கள். அவ்வரைவையைச் சுற்றிய கை எப்படி வலித்திருக்கும் என்பதை அறியவே செய்கிறார்கள்.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். பேனர்மனின் கதை ஜப்பானிய மொழியில் 1953இல் இவனாமி பதிப்பகத்தின் படநூல் வரிசையில் வெளிவந்து நாடெங்கும் பரவியது. புலி நெய் அங்கே வெண்ணெயாயிற்று. பேன்கேக் 'ஹாட் கேக்' ஆயிற்று. போருக்குப் பின் ஜப்பான் மெல்ல எழுந்துகொண்டிருந்த காலம் அது. 1954இல் பள்ளி உணவுச் சட்டம் இயற்றப்பட்டது. ரொட்டியும் பாற்பொடிப் பாலும் பிள்ளைகளின் அன்றாட உணவாகிவந்த தலைமுறைக்கு, அடுக்கடுக்காக உயர்ந்த ஹாட் கேக் படம் எவ்வளவு பொருள் பொதிந்ததாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

ரியேகோ நாக்காகாவா 1935இல் சப்போரோவில் பிறந்தவர். போர் முடிந்தபோது அவருக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. அதே ஆண்டுகளில் மலாயாவில் நம் முன்னோர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்துக்கொண்டிருந்தனர். ஆண்ட படையின் நாட்டிலும் பிள்ளைகள் பசித்திருந்தார்கள் என்பதை வரலாற்று மாணவர்கள் மறத்தலாகாது. இளம் வயதிலேயே நாக்காகாவா தோக்கியோவில் மிடோரி பாலர் பள்ளியின் ஆசிரியை ஆனார். அங்குள்ள பிள்ளைகள் சாம்போ கதையைக் கேட்கச் சலிக்காதவர்கள். கதையின் தூண்டுதலால் பள்ளியிலேயே ஹாட் கேக் சுட்டு எல்லாரும் உண்டார்கள். 1899இல் கதைக்குள் உட்கார்ந்திருந்த குறிப்பு ஒருவழியாக அடுப்பேறியது. அப்போது அவ்விளம் ஆசிரியைக்கு ஓர் எண்ணம் தோன்றிற்றாம்: ஹாட் கேக்கைவிடச் சிறந்ததொன்றை, முட்டை நிறையச் சேர்த்த ஒன்றை, இப்பிள்ளைகளுக்குக் கதையிலாவது வயிறார அளிக்க வேண்டும். பின்னாளில் அவரே கூறிய செய்தி இது. அந்த ஒன்றுதான் கஸ்தேரா.

கஸ்தேரா என்பது பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக நாகசாக்கிக்கு வந்த கேக் வகை. நம் நாட்டில் அணிச்சல் என்று எழுதுகிறோமே, அதுதான். முட்டை, சர்க்கரை, மாவு ஆகிய மூன்றே அதன் அடிப்படை. நம்மூர்ப் பாஹுலு உண்டவர்களுக்கு இச்சேர்க்கை புதிதன்று. ஜப்பானில் அது பெட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுக்கத்தக்க உயர்ந்த பண்டமாகக் கருதப்பட்டது.

'குரியும் குராவும்' 1963 டிசம்பரில், பாலர் பள்ளிகளுக்கு மாதந்தோறும் சென்ற 'கொதோமோ நோ தோமோ' என்னும் படநூல் வெளியீட்டில் வந்தது. 1967இல் கெட்டி அட்டை நூலாயிற்று. படம் வரைந்தவர் ஆசிரியையின் தங்கை யூரிகோ யாமாவாக்கி. எலியைச் சரியாக வரைய வேண்டும் என்பதற்காக அவர் உயெனோவிலுள்ள தேசிய அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சென்று, அங்குள்ள மாதிரிகளைப் பார்த்து, ஆரஞ்சு நிற எலியைத் தேர்ந்தார். பெயர்களோ ஒரு பிரெஞ்சுப் படநூலில் எலிகள் பாடும் ஒலியிலிருந்து வந்தவை. மதராசிலும் பாரிசிலும் நாகசாக்கியிலும் வேர்விட்ட இக்கதையைத் தூய ஜப்பானியக் கதை என்று நாம் புகழ்வது எத்தனை விந்தை!

நீலத் தொப்பி அணிந்த குரி, சிவப்புத் தொப்பி அணிந்த குரா என இரு வயல் எலிகள். உலகில் அவற்றுக்கு மிகப் பிடித்தவை சமைப்பதும் உண்பதும். கூடையோடு காட்டுக்குச் செல்கையில் வழி நடுவே மாபெரும் முட்டை ஒன்று கிடக்கிறது. பொரிக்கலாமா, சுருட்டிச் சுடலாமா என்று ஆராய்ந்து, காலைமுதல் மாலைவரை தின்றாலும் தீராத கஸ்தேரா செய்வது என்று முடிவாகிறது. இங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது. முட்டை உருட்டினால் உடையும், தூக்கினால் வழுக்கும், கூடையில் அடங்காது. ஆகவே முட்டையைச் சமையலறைக்குக் கொண்டுபோவதற்கு மாறாக, சமையலறையை முட்டையிடம் கொண்டுவருகின்றன. வீட்டிலேயே பெரிய வாணலி, மாவு, வெண்ணெய், பால், சர்க்கரை, கிண்ணம், முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி, இரண்டு ஏப்ரன், தீப்பெட்டி. பட்டியல் நீள்கிறது, பிள்ளைகள் அதனை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஓடு கையால் குத்தினால் உடையவில்லை. கல்லால் அடிக்க வேண்டியிருக்கிறது. கல்லடுக்கி அடுப்புக் கூட்டி, வெண்ணெய் தடவி, மாவை ஊற்றி, மூடி வைத்துவிட்டு எலிகள் பாட்டுப் பாடிக்கொண்டு காத்திருக்கின்றன. மணம் பரவுகிறது. காட்டு விலங்குகள் ஒவ்வொன்றாய் வந்து சுற்றி அமர்கின்றன. மூடியைத் திறக்கும் பக்கத்தில் மஞ்சள் நிறக் கஸ்தேரா வாணலியின் விளிம்புவரை பொங்கி நிற்கிறது. யானைமுதல் நத்தைவரை எல்லாருக்கும் பங்கு.

இக்கதையை 1899ஆம் ஆண்டுக் கதையோடு ஒப்பிட்டால் நிகழ்ந்த மாற்றம் தெளிவாகும். தாய் இல்லை; தந்தை இல்லை. சமைப்பவரும் பசித்தவரும் ஒருவரே. 169 என்னும் தனியொருவனின் பெருந்தீனி மறைந்து, எத்தனை பேர் வந்தாலும் போதும் என்னும் பங்கீடு அவ்விடத்துக்கு வந்துவிட்டது. இடையூறுகள் உண்மையான சமையலறை இடையூறுகள்: பாத்திரம் போதாமை, கை வலி, காத்திருத்தல். இக்காத்திருத்தலை நாம் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறோம். வெந்துகொண்டிருக்கும் பண்டத்தின் முன்னே சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் கதாசிரியர்கள் வழக்கமாக வெட்டியெறியும் பகுதி. நாள்தோறும் பிள்ளைகளோடு இருந்த ஓர் ஆசிரியைக்கே அந்நேரம் எவ்வளவு நீளம் என்பதும், அதைப் பாடிக் கழிக்கலாம் என்பதும் தெரிந்திருந்தன.

ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இந்நூலைப் படித்துவிட்டு வாணலியில் கஸ்தேரா செய்து பார்த்து வருகிறார்கள். கஸ்தேரா கடைக்காரர் அதனைக் கஸ்தேரா என்று ஒப்பமாட்டார். அசல் கஸ்தேரா அடுமனை அடுப்பில் வேகும். அதில் பாலும் வெண்ணெயும் சேர்வது மரபன்று. எலிகள் செய்தது உண்மையில் தடித்த ஹாட் கேக்குக்கு நெருக்கமானது. அதாவது, நாக்காகாவா விட்டு விலக எண்ணிய அதே பண்டத்துக்கு வாணலி அவரை அழைத்துவந்துவிட்டது. பிள்ளைகளின் கைக்கு எட்டுவது அடுமனை அன்று, வாணலி; ஆகவே கதையின் பிழை கதையின் பலமாயிற்று.

நம் வகுப்பறைகளில் இத்தகைய கதை கிடைத்தால் என்ன செய்வோம் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். குராவின் தொப்பி என்ன நிறம் என்று கருத்துணர்தல் வினா கேட்போம். இறுதியில் கதை உணர்த்தும் நன்னெறி யாது என்று கேட்போம். இந்நூலில் நன்னெறி என்று எழுதத்தக்கது எதுவும் இல்லை. பகிர்ந்துண்ணல் என்று எழுதி மதிப்பெண் பெறலாம். ஆனால் எலிகள் பகிர எண்ணிச் சமைக்கவில்லை, தின்ன எண்ணிச் சமைத்தன. மணம் போன வழியே விருந்தினர் வந்தனர். செய்முறைக் கட்டுரை கற்பிக்கும் ஆசிரியருக்கோ இந்நூல் ஒரு புதையல். முதலில், பின்னர், இறுதியில் என்னும் இணைப்புச் சொற்களைப் பயிற்சித் தாளில் நிரப்பும் பிள்ளை, வெண்ணெய் தடவுமுன் மாவை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒருமுறை வாணலியில் கண்டுவிட்டால், அச்சொற்கள் எதற்காக இருக்கின்றன என்பதை அறிந்துகொள்ளும்.

முன்னர்ச் சொல்லாமல் விட்ட விளைவுகளுக்கு இப்போது வருவோம். பேனர்மன் தம் கதையில் புலியும் நெய்யும் வைத்தார்; ஆனால் மாந்தருக்கு அமெரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்த வழங்கிய பெயரைச் சூட்டினார்; படங்களையும் அவ்வாறே வரைந்தார். பதிப்புரிமை கைவிட்டுப் போனதால் அமெரிக்கப் பதிப்பாளர்கள் இன்னும் கொடிய படங்களோடு அதனை வெளியிட்டபோது தடுக்க அவருக்கு வழியில்லை. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932இலேயே அந்நூலைக் கண்டித்தார். 1988இல் எதிர்ப்பு எழுந்தபோது ஜப்பானியப் பதிப்பகங்கள் ஒட்டுமொத்தமாக அதனை விற்பனையிலிருந்து நீக்கின. 2005இல் வேறொரு பதிப்பகம் மீண்டும் வெளியிட்டது. வாதம் இன்னும் அடங்கவில்லை. 1996இல் அமெரிக்காவில் இருவேறு மறுகூறல்கள் வந்தன. ஜூலியஸ் லெஸ்டரும் ஜெரி பிங்க்னியும் கறுப்பினத்தாரின் பார்வையிலிருந்து அதனை மீட்டெழுதினர். பிரெட் மார்செலினோ மாந்தருக்கு இந்தியப் பெயரும் உடையும் தந்து கதையை அது பிறந்த மண்ணுக்கே கொண்டுவந்தார். வைல்டரும் இதற்கு விலக்கல்லர்: அவர் நூல்களில் அமெரிக்கப் பழங்குடியினர் சித்திரிக்கப்பட்ட விதம் காரணமாக 2018இல் அமெரிக்க நூலகச் சங்கம் அவர் பெயரிலிருந்த விருதின் பெயரை மாற்றியது.

சுவை நன்றாக இருந்தது என்பதற்காகப் பெயரின் இழிவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். தென்கிழக்காசியத் தோட்டங்களில் இழிபெயர் சுமந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவ்வாறு சொல்ல முடியாது. அதே வேளையில், மிடோரி பாலர் பள்ளியின் அடுப்பு அந்நூலால்தான் எரிந்தது என்பதையும் மறைக்க இயலாது. அமெரிக்கர் பெயரையும் படத்தையும் மாற்றித் திருத்தினர். நாக்காகாவா இழிவைத் திருத்தப் புறப்படவில்லை. அதனினும் நல்ல பண்டம் ஒன்றைச் செய்யப் புறப்பட்டார். ஆயினும் விளைவு திருத்தத்தையும் மிஞ்சியது. மனிதரை இழிவாக வரைந்த பக்கத்திலிருந்து எழுந்த பசிக்கு, மனிதரே இல்லாத பக்கம் ஒன்று விடையாக வந்தது.

'குரியும் குராவும்' கதையைப் படித்துவிட்டுச் சமைக்க முனைபவர் முதலில் காணும் குறை, அதில் அளவே இல்லை என்பதுதான். மாவு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று ஒரு சொல்லும் இல்லை. முட்டை ஒன்று, அது எலியைவிடப் பன்மடங்கு பெரியது. கோழி முட்டையில் எத்தனை போட வேண்டும், நம் வீட்டு வாணலி எவ்வளவு கொள்ளும், மூடி பொருந்துமா என்பவற்றைப் பிள்ளையும் பக்கத்தில் நிற்கும் பெரியவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். நூல் கடைசிப் பக்கத்தில் வேறொரு வேலையில் இருக்கிறது. கஸ்தேரா தீர்ந்துவிட்டது, எஞ்சியிருப்பது இரண்டாக உடைந்த ஓடு. அதனைக் கொண்டு என்ன செய்திருப்பார்கள் என்று அது பிள்ளைகளைக் கேட்கிறது. விடையாக, ஓடுகளால் கார் ஒன்று செய்து எலிகள் வீடு திரும்புகின்றன. அந்த முட்டை யாருடையது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.